வெல்வெட்டும் தையல் ஊசியும்



நம் தோட்டத்துக் கோயில்களில் அம்மன் சந்நிதிக்கு முன்னால் ஒரு திரை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு வெல்வெட் அல்லது பச்சை வெல்வெட். நடுவில் மயிலோ வேலோ ஓங்கார எழுத்தோ இருக்கும். ஓரத்தில் சரிகைக் குஞ்சம் ஆடும். அலங்காரம் நடக்கும்போது திரையை இழுத்து மூடுவார்கள். தீபாராதனை வேளையில் சட்டென்று விலக்குவார்கள். எல்லாருடைய கண்ணும் அம்மன் மேல் போய்விடும். திரையை யார் தைத்தார் என்று கேட்பவர் இல்லை.

அத்தகைய திரை ஒன்று என் வீட்டு அலமாரியில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கோயிலில் ஒரு நாள்கூடத் தொங்காத திரை அது. பச்சை வெல்வெட்டில் ஒரு மயில். மயிலைச் சுற்றி, நிலவு கோட்டை கட்டியது போல ஒரு வட்டத் தடம். தைத்தவர் என் தாயார். அந்த வட்டம் எப்படி வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், அந்தத் துணியும் ஊசியும் இயந்திரமும் எந்தெந்த வழியாகப் பினாங்குக் கரைக்கு வந்து சேர்ந்தன என்பதைச் சொல்லியாக வேண்டும்.

வெல்வெட் என்பது என்ன? சாதாரணத் துணியில் பாவு நூலும் ஊடை நூலும் மட்டுமே உண்டு. வெல்வெட்டில் மூன்றாவதாக ஒரு நூல் இருக்கிறது. அது துணியின் முகத்தில் பயிர் முளைத்தது போல நிமிர்ந்து நிற்கிறது. இரண்டு துணிகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே தறியில் நெய்து, இரண்டையும் இணைக்கும் நூல்களை நடுவே கத்தியால் அறுத்துக்கொண்டே போவார்கள். அறுபட்ட நூல்களின் நுனிகள் இரு துணிகளிலும் நின்றுவிடும். இப்படி ஒரே நெசவில் இரண்டு வெல்வெட் கிடைக்கும். மெல்லிய கம்பிகளை இடையே வைத்து நெய்து, மேலே எழும் வளைவுகளை வெட்டிவிடுவது இன்னும் பழைய முறை. நிற்கும் இழை குட்டையாக இருந்தால் வெல்வெட்; சற்று நீளமாக இருந்தால் அதனைப் பிளஷ் என்பார்கள். குழந்தைகளின் கரடி பொம்மைக்குப் போர்த்துவது அதுதான்.

ஒரு வெல்வெட் துண்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கமாகத் தடவினால் பூனையின் முதுகைத் தடவுவது போல வழுவழுவென்று போகும். நிறம் வெளிறித் தெரியும். எதிர்ப்பக்கம் தடவினால் கை தடைப்படும். நிறம் கறுத்து ஆழமாகத் தெரியும். துணி ஒன்றுதான், சாயமும் ஒன்றுதான். இழைகள் சாய்ந்திருக்கும் திசையால் வரும் வேறுபாடு இது. இந்தத் துணியின் அழகு முழுவதும் இதில் இருக்கிறது. இதன் தொல்லை முழுவதும் இதிலேதான் இருக்கிறது.

ஐரோப்பாவில் வெனிஸ், ஜெனோவா, புளோரன்ஸ் முதலிய இத்தாலிய நகரங்கள் பட்டு வெல்வெட்டுக்குப் பெயர் பெற்றிருந்தன. 1511ஆம் ஆண்டில் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர் இத்துணியை ‘வெலூடோ’ என்றனர். மலாய் மொழியில் இன்றும் வழங்கும் ‘பல்டு’ என்ற சொல் அதிலிருந்து வந்ததே. பாரசீகச் சொல்லின் வழியாக நம் தமிழில் ‘மகமல்’ என்ற பெயரும் இருந்தது. இப்போது கடைக்குப் போய் மகமல் என்று கேட்டால் எவருக்கும் விளங்காது.

இந்நாட்டில் வெல்வெட்டின் மேல் பூவேலை என்றால் முதலில் சொல்ல வேண்டியது பேராக் மாநிலத்தின் ‘தெக்காட்’ கலையைத்தான். கோலகங்சார் வட்டாரத்து மலாய்ப் பெண்கள் அரச குடும்பத்தின் ஆதரவில் வளர்த்த கலை அது. பூவையும் இலையையும் அட்டையில் வெட்டி வெல்வெட்டின் மேல் வைப்பார்கள். தங்க நூலை அந்த அட்டையின் குறுக்கே இப்படியும் அப்படியுமாகப் படரவிட்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் கீழிருந்து வரும் மெல்லிய நூலால் கட்டிவிடுவார்கள். தங்க நூல் துணிக்குள் நுழைவதே இல்லை. அது மேலேயே படுத்திருக்கிறது. துணியைத் துளைப்பது சாதாரண நூல் மட்டுமே. திருமண மெத்தை விரிப்பு, தலையணை முகப்பு, வெற்றிலைத் தட்டின் மூடி, விசிறி எல்லாம் இந்த வேலையில் உண்டு. பினாங்கின் பெரானாக்கான் சீனக் குடும்பங்களிலும் மணப்பெண் அணியும் வெல்வெட் காலணியில் தங்க நூல் வேலை செய்வார்கள். நம் தஞ்சாவூர் வட்டாரத்தில் தேருக்குத் தொங்கவிடும் தொம்பைகளையும் கோயில் குடைகளையும் தைத்தவர்கள் வேறொரு வழி கண்டார்கள். ஒரு துணியைப் பூவாக வெட்டி மற்றொரு துணியின் மேல் ஒட்டுத்தையலாகத் தைத்தார்கள்.

தெக்காட்டில் அட்டை ஏன் வந்தது என்று எண்ணிப் பாருங்கள். வெல்வெட்டில் நேராகத் தைத்தால் நூல் இழைகளுக்கு நடுவே அமிழ்ந்துவிடும். புல்வெளியில் போட்ட கயிறு கண்ணுக்குத் தெரியாதது போல, தைத்த பூ காணாமல் போகும். ஆகவே பூவுக்கு அடியில் ஒரு மேடு வேண்டும். இதை அந்த மலாய்ப் பாட்டிமார்கள் எந்தப் பள்ளியிலும் படிக்காமலே அறிந்திருந்தார்கள்.

இனி ஊசியின் கதைக்கு வருவோம்.

நம் ஊர்ப் பெண்கள் இப்போது கல்யாணத்துக்கு ‘ஆரி வேலை’ செய்த ரவிக்கை போடுகிறார்கள் அல்லவா? அந்த ஆரி என்பது நுனியில் சிறு கொக்கி உள்ள ஊசி. குஜராத்திலும் கட்ச் பகுதியிலும் செருப்புத் தைக்கும் மோச்சி சமூகத்தார், தோலில் பயன்படுத்திய கொக்கி ஊசியைத் துணிக்குக் கொண்டுவந்தனர். துணியை இழுத்துக் கட்டி, மேலிருந்து ஊசியைக் குத்தி, அடியில் உள்ள நூலைக் கொக்கியால் மேலே இழுத்து, சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போவது அந்த வேலை. சாதாரண ஊசியைவிடப் பல மடங்கு விரைவானது. கீழை நாடுகளின் இந்த வேலைமுறை 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போயிற்று. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு ‘தம்பூர்’ வேலை என்று பெயரிட்டார்கள். தம்பூர் என்றால் அவர்கள் மொழியில் பறை. துணியைப் பறைத்தோல் போல வட்டச் சட்டத்தில் இறுக்கிக் கட்டியதால் அந்தப் பெயர். வட்ட வளையம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மறுபடியும் வருவோம்.

பிரான்ஸ் நாட்டில் பார்த்தலெமி திமோனியே என்ற ஏழைத் தையற்காரர் இருந்தார். பெண்கள் கொக்கி ஊசியால் பூவேலை செய்ததைப் போலவே மரத்தால் ஓர் இயந்திரம் செய்தார். 1830ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பாரிஸ் நகரில் இத்தகைய இயந்திரங்கள் ஏறத்தாழ 80ஐக் கொண்டு இராணுவச் சீருடை தைக்கும் பட்டறை நடந்தது. தங்கள் வயிற்றில் மண் விழுந்துவிடும் என்று அஞ்சிய மற்றத் தையற்காரர்கள் கூட்டமாகப் புகுந்து இயந்திரங்களை உடைத்துப் போட்டார்கள். திமோனியே 1857இல் வறுமையிலேயே இறந்தார். இயந்திரத்தை உடைத்தவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். பால்மரத்தை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டபோது, வெட்டுக்காட்டில் நின்ற நம்மவர்களின் வயிறு எப்படிக் கலங்கியது என்பதை அறிந்தவர்கள் நாம்.

ஆக, நேயர்களே, நடைமுறைக்கு வந்த முதல் தையல் இயந்திரமே பூவேலை ஊசியின் பிள்ளைதான். சட்டை தைப்பதற்கென்று ஓர் இயந்திரம் வந்து, பிறகு அதைப் பூவேலைக்குத் திருப்பினார்கள் என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். நடந்ததோ தலைகீழ்.

அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846இல் வேறு வகை இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஊசியின் காது அதன் நுனியிலேயே இருக்கும். மேல்நூல் ஒன்று, கீழே ஓடத்தில் ஒன்று. இரண்டும் துணியின் நடுவில் பின்னிக்கொள்ளும். 1851இல் ஐசக் சிங்கர் அதனைத் திருத்தி நேராக நிறுத்தினார். ஊசி மேலும் கீழும் போய்வர, துணி படுத்தபடி நகர்ந்தது. ஆனால் சிங்கர் நிறுவனத்தின் பெரிய கண்டுபிடிப்பு ஊசியில் இல்லை, விற்பனையில் இருந்தது என்று சொல்லலாம். சிங்கரின் கூட்டாளி எட்வர்டு கிளார்க் 1856இல் தவணைமுறையைக் கொண்டுவந்தார். கொஞ்சம் முன்பணம் கட்டி இயந்திரத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். மிச்சத்தை மாதாமாதம் கட்டலாம். உலகின் ஏழைக் குடும்பங்களின் வீட்டுக்குள் இரும்பு இயந்திரம் ஒன்று முதன்முதலாக நுழைந்தது இந்தத் தவணையால்தான். ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரில் 1885இல் திறந்த அதன் பெரிய தொழிற்சாலை 1980 வரை நடந்தது. இலங்கையில் சிங்கர் நிறுவனம் 1877இலேயே கால்வைத்துவிட்டது.

இயந்திரங்களைப் பொதுவாக விரும்பாத காந்தியடிகள்கூடச் சிங்கரின் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார். 1924இல் இராமச்சந்திரன் என்ற மாணவர் அவரிடம் இயந்திரங்களைப் பற்றிக் கேள்வி கேட்டார். பின்னாளில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவிய ஜி. இராமச்சந்திரன்தான் அந்த மாணவர். மனைவி கையால் தைத்துக் களைத்துப் போவதைக் கண்டு, அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது காந்தியடிகள் சொன்ன விளக்கம். சிங்கரின் உண்மையான குடும்ப வாழ்க்கை அவ்வளவு இனிமையானதன்று; பல பெண்களிடம் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர் அவர். என்றாலும் உழைப்பவளின் களைப்பைக் குறைக்கும் இயந்திரம் நல்லது என்று காந்தியடிகள் கொண்ட கருத்து, சிங்கரின் ஒழுக்கத்தைப் பொறுத்ததன்று.

1860-களில் பிரான்ஸ் நாட்டின் போன்னாஸ் என்பவர் மறுபடியும் கொக்கி ஊசிக்கே திரும்பினார். மேசைக்கு அடியில் ஒரு கைப்பிடி. அதைத் திருப்பினால் கொக்கி எந்தத் திசைக்கும் திரும்பும். வேலையாள் கோலம் போடுவது போலச் சங்கிலித் தையலைச் சுழற்றிக்கொண்டு போகலாம். கோர்னெலி என்ற பெயரில் அவ்வியந்திரம் உலகெங்கும் பரவியது. கொடிகளுக்கும் நாடக உடைகளுக்கும் வெல்வெட் திரைகளுக்கும் அதுவே கை கொடுத்தது. ஆரி ஊசி உலகைச் சுற்றி, இரும்புச் சட்டை போட்டுக்கொண்டு கீழை நாடுகளுக்குத் திரும்பி வந்தது என்று எனக்குத் தோன்றும்.

இனிப் பினாங்குக்கு வருவோம். 1786இல் பிரான்சிஸ் லைட் இங்கே கொடியேற்றிய காலத்திலிருந்தே சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம் வணிகர்கள், அதாவது சூலியர்கள், இங்கே இருந்தனர். அவர்கள் பெயரால் சூலியா தெரு இருக்கிறது. 1801இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், கிங் தெருவும் சூலியா தெருவும் சந்திக்கும் இடத்தில் நாகூர் ஆண்டவர் நினைவாக எழுந்த தர்காவும் அவர்களின் அடையாளங்கள். 1833ஆம் ஆண்டைச் சேர்ந்த குவீன் தெரு மாரியம்மன் கோயில் அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. துணிக்கடைகளும் தையற்கடைகளும் நிறைந்த வட்டாரம் அது. தீபாவளிக்குத் துணி எடுக்க நம் தோட்டத்து மக்கள் பெரி ஏறி வந்ததும் அங்கேதான்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாப் பட்டணங்களில் மிதி இயந்திரம் பழக்கமான பொருளாகிவிட்டது. 1920-களிலும் 30-களிலும் பினாங்கிலும் மலாக்காவிலும் நோன்யா பெண்களின் கெபாயா சட்டையில் இயந்திரப் பூவேலை மலர்ந்தது. இதற்கென்று தனி இயந்திரம் வாங்கினார்கள் என்று நினைக்காதீர்கள். சாதாரண மிதி இயந்திரத்தில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைக் கழற்றிவிடுவார்கள். துணியை முன்னே தள்ளும் பற்களைச் செயல்படாமல் செய்துவிடுவார்கள். இப்போது துணியை நகர்த்த இயந்திரத்துக்கு வழியில்லை; ஊசி நின்ற இடத்திலேயே குத்திக்கொண்டிருக்கும். வளையத்தில் இறுக்கிய துணியை இரு கைகளாலும் பிடித்து, ஊசிக்கு அடியில் இப்படியும் அப்படியும் அசைத்துப் பூவை வரைய வேண்டும். எழுதுகோல் அசையாமல் நிற்க, தாளை அசைத்து எழுதுவது போன்றது. கால் மிதிக்கும் வேகமும் கை நகரும் வேகமும் ஒத்துப்போகாவிட்டால் ஊசி முறியும், அல்லது தையல் அரிசியும் நெல்லுமாகக் கலந்து விழும். கெபாயாவின் மெல்லிய துணியில் ஓரங்களைத் தைத்துவிட்டு நடுவே வெட்டித் துளை செய்யும் ‘கெராவாங்’ வேலையும் இந்த இயந்திரத்திலேயே நடந்தது. 2024 டிசம்பரில் புரூணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் சேர்ந்து கேட்டு, கெபாயாவை யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெறச் செய்தன.

கெபாயாத் துணியோ மெல்லியது, வளையத்துக்குப் பணியும். வெல்வெட் பணியாது. ஜார்ஜ்டவுனில் வெல்வெட்டோடு நாள்தோறும் மல்லுக்கட்டியவர்கள் சொங்கோக் தைக்கும் தொழிலாளர்கள். மலாய்க்காரர்கள் அணியும் கறுப்பு வெல்வெட் தொப்பியைப் பினாங்கில் தைத்தவர்களில் தமிழ் முஸ்லிம்கள் பலர். மேலே முட்டை வடிவத் தட்டு, சுற்றிலும் பட்டை, உள்ளே பளபளப்பான உள்துணி. வெல்வெட்டுக்கும் உள்துணிக்கும் நடுவே அட்டையோ பழைய செய்தித்தாள் அடுக்கோ வைத்து, எல்லாவற்றையும் சேர்த்து மிதி இயந்திரத்தில் தைப்பார்கள். தட்டும் பட்டையும் ஒரே இழைத்திசையில் வெட்டப்பட வேண்டும். இல்லையென்றால் வெயிலில் பார்த்தால் தொப்பி இரண்டு கறுப்பாகத் தெரியும். நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரங்களில் அந்தச் சிறு கடைகளில் இயந்திரச் சத்தம் இரவிலும் ஓயாது.

இனி என் தாயாரின் கதை. செபராங் பிறைப் பகுதியில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அவர் பால் வெட்டினார். அவருடைய மிதி இயந்திரம் தவணைக்கு வாங்கியது. கடைசித் தவணை கட்டிய நாளில் இயந்திரத்துக்குப் பொட்டு வைத்து, கற்பூரம் ஏற்றினார். லயத்து வீட்டில் மின்விளக்கு மாலையில் சில மணி நேரமே எரியும். மிதி இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டாம் என்பது பெரிய வசதி. இன்னொன்றும் உண்டு. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை; அன்றைய சம்பளத்தில் துண்டு விழும். ஆனால் மழை நாள் தையல் நாள். ஓட்டின்மேல் மழைச் சத்தமும் உள்ளே இயந்திரச் சத்தமும் சேர்ந்து கேட்டால், அந்த மாதம் எங்கள் பள்ளிச் சட்டைக்குக் குறைவில்லை என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

1987ஆம் ஆண்டு. நான் இரண்டாம் வகுப்பு. ஆடித் திருவிழாவுக்காகக் கோயில் கமிட்டியார் தலைக்கட்டு வரிப்பணத்தில் பச்சை வெல்வெட் வாங்கிவந்து, மயில் போட்டுத் தரும்படி என் தாயாரிடம் கொடுத்தார்கள். தலையணை உறையிலும் மேசை விரிப்பிலும் அவர் பூ போட்டு அனைவரும் பார்த்திருந்தார்கள். வெல்வெட்டை அவர் அதுவரை தொட்டதில்லை. மர வளையத்தில் துணியை வழக்கம் போல இறுக்கிக் கட்டினார். மூன்று வாரம், மழை நாளும் இரவுமாகத் தைத்தார். முடித்து வளையத்தைக் கழற்றியபோது மயிலைச் சுற்றி வட்டமாக இழைகள் நசுங்கிக் கிடந்தன. கையால் தேய்த்தார், போகவில்லை. கரிப்பெட்டியைச் சூடாக்கி இஸ்திரி போட்டார். நசுங்கியது நசுங்கியபடியே பளபளவென்று ஆகிவிட்டது. அவ்வளவு பாடுபட்ட தோகையிலும் பாதி நூல் இழைகளுக்குள் அமிழ்ந்து, மயில் மழையில் நனைந்த கோழி போலத் தெரிந்தது.

கமிட்டித் தலைவர் நல்லவர். “பரவாயில்ல விடும்மா, ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. திருவிழாக் கூட்டத்துல யாரு பாக்கப் போறா?” என்றார். “நான் பாப்பேன்ல மாமா” என்று சொல்லிவிட்டு, என் தாயார் மறுநாள் சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பெரி ஏறினார். என் நினைவில் அதுதான் என் முதல் கடற்பயணம்.

துணிக்கடையில் வெல்வெட்டை அளந்து கொடுத்தவர், கெட்டுப்போன திரையை விரித்துப் பார்த்துவிட்டு, சூலியா தெருப் பக்கம் சொங்கோக் தைக்கும் ஒரு பெரியவரிடம் கேட்கச் சொன்னார். அந்தப் பெரியவர் மிதிப்பதை நிறுத்திவிட்டுத் திரையை மடியில் போட்டு, விரலால் வட்டத்தைச் சுற்றித் தடவினார்.

“ஏன் தங்கச்சி, வெல்வெட்டை வளையத்துல போட்டியா?”

“ஆமாண்ணே. வளையத்துல போடாம எப்படித் தைக்கிறது?”

“வளையத்துல போட்டா கழுத்தை நெரிச்ச மாதிரிதான். அதுக்கு மேல இஸ்திரி வேறயா? அதுதான் சாகடிச்சிருச்சு.”

பிறகு அவர் சொன்னதை என் தாயார் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார், மறந்துவிடக் கூடாது என்று. வளையத்தில் வெறும் காடாத் துணியைக் கட்டு. அதன் மேல் வெல்வெட்டைப் பரப்பி, பூவுக்கு வெளியே நூலோட்டிப் பிடித்துக்கொள். வளையம் வெல்வெட்டைத் தொடவே கூடாது. பூவின் மேல் மெல்லிய காகிதத்தை வைத்துத் தை. இழைகளைக் காகிதம் படுக்க வைக்கும், நூல் மேலே நிற்கும். முதலில் குறுக்கே ஒரு நடை தைத்து மேடு கட்டு. அதன் மேல் நெருக்கமாக நிரப்பு. முடிந்ததும் காகிதத்தைக் கிழித்து எடு. சுருக்கம் விழுந்தால் கெண்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து, துணியின் பின்பக்கம் ஆவி காட்டு. பழைய பல் துலக்கியால் இழையை நீவி எழுப்பு. இரும்பை அதன் முகத்தில் காட்டாதே.

நேயர்களே, குறுக்கே ஒரு நடை மேடு கட்டுவது என்றாரே, அதைச் சற்று எண்ணிப் பாருங்கள். கோலகங்சார்ப் பாட்டி அட்டை வெட்டி வைத்ததும் அதற்காகத்தான். ஒருவர் சொல்லி மற்றவர் கற்றார் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே துணி இருவருக்கும் ஒரே பாடத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. பெரியவர் அதற்குக் காசு வாங்கவில்லை. எனக்கு ஒரு வெல்வெட் வெட்டுத்துண்டைக் கொடுத்து, “எந்தப் பக்கம் தடவுனா கறுப்பு, சொல்லு பாப்போம்” என்று கேட்டார். நான் தவறாகச் சொன்னேன்.

இரண்டாவது மயில் ஒன்பது நாளில் முடிந்தது. திருவிழாவில் தீபாராதனைக்குத் திரையை விலக்கும் முன், கூட்டம் ஒரு நொடி திரையையே பார்த்தது என்று என் தாயார் பின்னாளில் சொல்வார். உண்மையோ, தாய்மனத்தின் ஆசையோ, எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் திரைக்கும் குடைக்கும் வேலை வந்தது. நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தபோது கட்டிய முதல் செலவு அந்தக் காசுதான்.

இன்று ஜார்ஜ்டவுனிலும் பட்டர்வொர்த்திலும் கணினி இயந்திரங்கள் பூவேலை செய்கின்றன. படத்தைக் கணினியில் ஏற்றிவிட்டால் பல ஊசிகள் தாமே நிறம் மாற்றி மாற்றித் தைத்துவிடும். மூன்று வார வேலை ஒரு பிற்பகலில் முடிகிறது. அண்மையில் அத்தகைய கடை ஒன்றில், வெல்வெட்டில் எப்படிப் பூ போடுவீர்கள் என்று அங்கிருந்த இளைஞரைக் கேட்டேன். வளையத்தில் பின்தாளை மட்டும் பிடிப்போம், வெல்வெட்டை அதன்மேல் ஒட்டிவைப்போம், தண்ணீரில் கரையும் மெல்லிய தாளை மேலே பரப்புவோம், முதலில் அடித்தையல் போடச் சொல்லி இயந்திரத்துக்கு எழுதுவோம் என்றார். எங்கே கற்றீர்கள், தம்பி என்றேன். மூன்று நான்கு பேருடைய துணியைக் கெடுத்துத்தான் கற்றேன், டீச்சர் என்று சிரித்தார்.

என் தாயார் வேலை பார்த்த தோட்டத்தில் இப்போது பால்மரமும் இல்லை, லயமும் இல்லை. கோயில் சாலையோரத்துக்கு இடம் மாறிவிட்டது. இரண்டாவது மயில் பல திருவிழா கண்டு, எண்ணெயும் புகையும் பட்டுச் சாயம் போய், ஒருநாள் புதுத் திரைக்கு வழிவிட்டது. முதல் மயிலை ஆண்டுக்கு ஒருமுறை நான் வகுப்பறைக்கு எடுத்துப் போவேன். பிள்ளைகள் வரிசையாக வந்து தடவிப் பார்ப்பார்கள். எந்தப் பக்கம் தடவினால் பச்சை கறுக்கும் என்று கேட்பேன். பாதிப் பேர் தவறாகத்தான் சொல்வார்கள். வட்டத்தின் மேல் விரல் வந்ததும் எல்லாரும் நின்றுவிடுவார்கள். அங்கே எந்தப் பக்கம் தடவினாலும் நிறம் மாறாது.